ஒரு பெயர், பல ஊர்

ஓர் ஊருக்குப் பெயரிடுவது அதனைப் பிறவூர்களினின்றும் பிரித்தறிதற் பொருட்டேயாம். அங்ஙனமாகவும், ஒரே பெயரைப் பல ஊர்கள் தாங்கி நிற்றலை எங்கும் காண்கின்றோம். வடமராட்சிக் கிழக்கில் ஒரு நாகர்கோவில் உண்டு. தமிழ்நாட்டின் தென்கோடியில் மற்றொரு நாகர்கோவில் உண்டு. யாழ்ப்பாண நகரை அடுத்து ஒரு திருநெல்வேலி. தாமிரபரணிக் கரையில் ஒரு திருநெல்வேலி. காரைநகரில் ஒரு கோவளம். திருவனந்தபுரத்தை அடுத்தும், சென்னைக்குத் தெற்கேயும், கன்னியாகுமரிக்கு அருகேயும் வேறு மூன்று கோவளங்கள். கரவெட்டியும் கொக்குவிலும் யாழ்ப்பாணத்திலும் உள, மட்டக்களப்பிலும் உள. நல்லூர், புத்தூர் என்னும் பெயருடைய ஊர்களையோ எண்ணி முடித்தல் அரிது.

இத்தகைய ஒப்புமையைக் கண்டவுடன் நம் உள்ளத்தில் ஒரு முடிபு தானே எழுகின்றது. அங்கிருந்து வந்தோர் தம் தாயூர்ப் பெயரை இங்கும் இட்டனர் என்பதே அது. சிலவிடத்து அது மெய்யாயிருத்தலுங் கூடும். ஆயினும், பெயரொப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு குடிவரவையும், இனத் தொடர்பையும், நிலவுரிமையையும் நாட்டப் புகுவோர் பெரிதும் இடர்ப்படுவர். ஒத்த பெயர் என்பது ஆராய்ச்சிக்கு ஒரு வினாவேயன்றி விடை அன்று. உடுப்பிட்டியைச் சூழவுள்ள ஊர்ப்பெயர்கள் சிலவற்றையும், இத்துறையில் நமக்கு முன்னே நெடுந்தூரம் சென்ற அயர்லாந்து நாட்டின் அனுபவத்தையும் கொண்டு இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பெயர்கள் ஒத்தல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்குவாம்.

நிலத்தின் இயல்பே பெயரைத் தருதல் ஒரு முறை. கடலினுள் நீண்டு கூம்பிச் செல்லும் நிலமுனையைக் கோவளம் என்பது தமிழ் வழக்கு. ஆகவே கடற்கரை நெடுகிலும் கோவளங்கள் தோன்றியதில் வியப்பில்லை. காரைநகர்க் கோவளத்தார் திருவனந்தபுரத்துக் கோவளத்திலிருந்து வந்தவர் எனக் கொள்ள வேண்டிய தேவை யாதுமில்லை. இரண்டிடத்தும் ஒரு மொழியும் ஒருவகை நிலமும் இருந்தமையே போதிய காரணமாகும். மரத்தாற் பெயர் பெற்ற இடங்களும் இவ்வகையினவே. நெல்லியடி, நாவலடி, அரசடி, ஆலடி, புளியடி என்பன ஈழத்தில் தமிழ் வழங்கும் பகுதியெங்கும் மீண்டும் மீண்டும் வருவன. ஒரு மரத்தின் நிழலில் வழிப்போக்கர் இளைப்பாறினர்; அங்கே சந்தை கூடிற்று; பின்னர் மரம் பட்டொழிந்தது; பெயர் மட்டும் நிலைத்தது.

வழிபாடு பெயரைத் தருதல் மற்றொரு முறை. வடமராட்சிக் கிழக்கு நாகர்கோவிலில் நாகதம்பிரான் ஆலயம் இருக்கின்றது. குமரி மாவட்டத்து நாகர்கோவிலில் நாகராசர் ஆலயம் இருக்கின்றது. நாக வழிபாடு இரு நாட்டிலும் தொன்றுதொட்டு நிலவுவது. கோயில் தோன்றிய இடத்தில் அப்பெயர் தோன்றுதல் இயல்பு. இங்கும் ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது எனத் துணிதற்கு இடமில்லை.

பொதுநிலையில் ஊரைச் சிறப்பிக்கும் பெயர்கள் மூன்றாம் வகையின. நல்லூர் என்பது இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. யாழ்ப்பாண அரசின் தலைநகராய் விளங்கியதும், 1822 ஆம் ஆண்டில் ஆறுமுகநாவலர் பிறந்ததும் ஆகிய நல்லூரை அறியாதார் இல்லை. அதுவன்றிப் பூநகரியில் ஒரு நல்லூரும், திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பகுதியில் ஒரு நல்லூரும் உள. தமிழ்நாட்டிலோ, திருஞானசம்பந்தர் சிவசோதியிற் கலந்த நல்லூர்ப் பெருமணம், சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட வெண்ணெய்நல்லூர் எனச் சைவ உலகம் போற்றும் நல்லூர்களே பல. மன்னர் பெயரையோ அவர்தம் தேவியர் பெயரையோ முன்னே பெற்று நல்லூர் என முடியும் ஊர்ப்பெயர்கள் சோழர் காலக் கல்வெட்டுக்களிலும் உள. இவை யாவும் ஒரு தாயூரின் கிளைகள் எனச் சொல்ல யாரும் முன்வாரார். நல்ல ஊர் என்று தம் ஊரைச் சொல்லிக்கொள்ள விரும்பாத மக்கள் யாண்டும் இலரன்றோ!

இனி, குடிபெயர்ந்தோர் பெயரையும் உடன்கொண்டு செல்லும் நான்காம் முறை ஒன்று உண்டு. அதனை மறுத்தற்கில்லை. ஆனால் அதனை நிறுவுதற்குப் பெயருக்குப் புறம்பான சான்று வேண்டும். திருநெல்வேலியை எடுத்துக்கொள்வோம். ஈழத்துத் திருநெல்வேலி பாண்டிநாட்டுத் திருநெல்வேலியாராற் பெயர் பெற்றது என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, திருநெல்வேலியிற் குடியிருத்தப்பட்ட பாண்டிமழவன் என்பானைப் பொன்பற்றியூரினன் என்று கூறுகின்றது. அவனைத் திருநெல்வேலியினன் என்று கூறிற்றிலது. மேலும், கடலுக்கு அப்பால் நோக்குமுன் அயலூர்களை நோக்குதல் முறையாகும். நீர்வேலி, அச்சுவேலி, சங்குவேலி, கட்டைவேலி என வேலி என முடியும் பெயர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு குடும்பமாய் நிற்கின்றன. திருநெல்வேலியும் அக்குடும்பத்தில் ஒன்றாய் இங்கேயே முளைத்திருத்தல் கூடும். அவ்வூரோ செம்மண் நிலத்தது. கிணற்று நீர் இறைத்துச் செய்யும் தோட்டப் பயிருக்குப் பெயர்பெற்றது. ஊரார் பேச்சில் அது தின்னவேலி என வழங்குகின்றது. நெல்லுக்கு இறைவன் வேலியிட்ட பாண்டிநாட்டுத் தலவரலாறு, ஒலியொப்புமையால் இங்குள்ள எழுத்து வடிவத்தின்மேற் செல்வாக்குச் செலுத்தியிருக்கலாம் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுத்து வடிவம் ஒன்றையே கொண்டு முடிவு கூறுவோர் பேச்சு வடிவம் தரும் இச்சான்றை இழந்துவிடுவர்.

ஐந்தாவது, ஆட்சியாளர் இடும் பெயர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிற்கின்றது. எனினும் நெடுந்தீவு மக்கள் ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் நகரத்தாரின் வழியினர் என ஒருவர் கூறுவராயின் நகைப்பிற்கே இடமாகும். பெயர் ஒத்தலும் மரபு ஒத்தலும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இதற்கு மறுதலையாக, ஒப்புமையை நீக்குதற்கென்றே பெயர் மாற்றப்பட்டதும் உண்டு. கிழக்கிலங்கையில், விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவோடு மயங்காதிருத்தற் பொருட்டே வடக்கிலிருந்த காரைதீவு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காரைநகர் ஆயிற்று என்பர்.

இவ்வைந்து முறைகளையும் விடச் சிக்கலானது பிறிதொன்று. வெவ்வேறு சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து ஒரே வடிவத்தை அடைதலே அது. அங்ஙனம் நேர்ந்தவிடத்து, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பெயர்கள் மெய்யாக ஒன்றல்ல. புத்தூர் என்பதைப் பாருங்கள். புதிதாக அமைந்த ஊர் புத்தூர். புற்று நிறைந்த ஊராகிய புற்றூரும் பேச்சு வழக்கிற் புத்தூர் என்றே ஒலிக்கும். புற்று என்பது நாவிற் புத்து ஆதல் யாவரும் அறிந்ததே. ஈழத்திற் புத்தரோடு இப்பெயரை இணைக்க முயல்வாரும் உளர். மூன்று பொருளும் ஒரே ஒலிக்குள் அடங்குகின்றன. கொக்குவில் என்பதும் அத்தகையதே. கொக்கு என்பது பறவையையும் குறிக்கும், மாமரத்தையும் குறிக்கும். வில் என்பது ஈழவழக்கில் இயற்கையாய் அமைந்த நீர்நிலை. ஆகவே கொக்குகள் வந்து தங்கிய குளமோ, மாமரம் சூழ்ந்த குளமோ என்பதைப் பெயர் தானே சொல்லாது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு ஒரு காரணமும் மட்டக்களப்புக் கொக்குவிலுக்கு மற்றொரு காரணமும் இருத்தல் கூடும்.

இத்தகைய சிக்கலை அயர்லாந்து மக்கள் நன்கு அறிவர். அந்நாட்டில் ஊரினுஞ் சிறிய நிலப்பிரிவுகள் அறுபதினாயிரத்துக்கு மேல் உள. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அவற்றுட் பல பெயர்கள் பலவிடத்தும் வருவன. நம் புத்தூருக்கு நேராக அங்கே புதிய ஊர் என்னும் பொருள்படும் நியூடவுன் என்னும் பெயர் நாடெங்கும் பரந்து கிடக்கின்றது. வெண்ணெய்நல்லூர் என நாம் அடைகொடுத்துப் பிரித்ததுபோல அவர்களும் நியூடவுனாட்ஸ், நியூடவுன்அபே எனப் பிரித்து வழங்குவர். கில்மோர் என்பது அங்கு மலிந்த மற்றொரு பெயர். அயரிய மொழியிற் கில் என்பது கோயில். மோர் என்பது பெரியது. எனவே கில்மோர் என்பது பெருங்கோயில் எனப் பொருள்படும். ஆனால் காடு என்பதைக் குறிக்கும் அயரியச் சொல்லும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிப்பது. ஆங்கில எழுத்தர் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவைத்தனர். அதனால் ஒரு கில்மோர் பெருங்கோயிலாகவும் மற்றொரு கில்மோர் பெருங்காடாகவும் இருக்கலாயிற்று. பெயர்ப் பலகையை மட்டும் பார்ப்பவனுக்கு இவ்வேறுபாடு தோன்றாது.

1824 ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசு அயர்லாந்து முழுவதையும் அளந்து படம் வரையத் தொடங்கியது. அப்பணியில் 1830 ஆம் ஆண்டிற் சேர்ந்தவர் ஜோன் ஓடொனவன் என்னும் அறிஞர். அவர் பழைய ஏட்டுப் பிரதிகளிலுள்ள வடிவங்களைத் தொகுத்தார். கோவிற்பற்றுக்கள் தோறும் சென்று, அயரிய மொழி பேசும் முதியோர் வாயினின்று பெயரைக் கேட்டார். நிலத்தைக் கண்ணாற் கண்டார். இம்மூன்றையும் ஒப்பிட்டே ஒரு பெயரின் பொருளைத் துணிந்தார். படத்தில் ஏறியது ஆங்கில வடிவமே ஆயினும், மூல வடிவத்தை அறிதற்கு வேண்டிய குறிப்புக்கள் அவர்தம் உழைப்பால் எஞ்சின. ஜோய்ஸ் என்பார் 1869 ஆம் ஆண்டில் வெளியிட்ட அயர்லாந்து இடப்பெயர் நூலும் அவ்வழியே சென்றது. விடுதலை பெற்றபின், 1946 ஆம் ஆண்டில், இடப்பெயர்களை ஆராய்தற்கென்றே அந்நாட்டரசு ஓர் ஆணைக்குழுவை நிறுவியது.

நம் நாட்டிலோ இவ்வாராய்ச்சி வழக்காட்டின் வடிவத்தைப் பெற்றது. யாழ்ப்பாணத்துச் சிங்கள இடப்பெயர்கள் பற்றி ஹோர்ஸ்பரோ என்னும் ஆங்கில அதிகாரி 1916 ஆம் ஆண்டளவில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. க. வேலுப்பிள்ளை, சுவாமி ஞானப்பிரகாசர், முதலியார் இராசநாயகம் முதலியோர் இடப்பெயர்களைத் தத்தம் நூல்களில் ஆராய்ந்தனர். பின்னர்ப் பொ. இரகுபதி தொல்லியற் சான்றுகளோடும், இ. பாலசுந்தரம் மொழியியல் நெறியிலும் இத்துறையை வளர்த்தனர். எனினும் பொதுமக்கள் பேச்சிலும் அரசியல் மேடையிலும் இடப்பெயர் ஒரு காணி உறுதிபோற் காட்டப்படுகின்றது. பெயர் சிங்களமாயின் நிலம் எங்களது என்பார் ஒரு சாரார். பெயர் தமிழாயின் பிறர்க்கு இங்கு இடமில்லை என்பார் மறு சாரார். இருவர் செய்யும் பிழையும் ஒன்றே. ஒரு சொல் ஒரு மொழிக்கே உரியது எனவும், ஒரு பெயரை ஒரு மக்களே இட்டிருத்தல் வேண்டும் எனவும் இருவரும் கொள்கின்றனர்.

உடுப்பிட்டி என்னும் பெயரையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். பிட்டி என்பது ஈழத் தமிழில் மேட்டு நிலத்தைக் குறிப்பது. சிங்களத்திற் பிட்டிய என்பது வெளியான நிலத்தைக் குறிப்பது. கொழும்பிலுள்ள கொள்ளுப்பிட்டியை நாம் அறிவோம். உடு என்னுஞ் சொல்லுக்கு விண்மீன், அகழி முதலிய பொருள்களைத் தமிழ் அகராதிகள் கூறும். உடை என்னும் முள்மரத்தின் பெயர் முன்னே நின்றது எனக் கொள்ளலும் கூடும். சிங்களத்தில் உடு என்பது மேல் எனப் பொருள்படும். கண்டிப் பகுதியில் உடுநுவர, யட்டிநுவர என மேலும் கீழுமாய் இரு பெயர்கள் இணைந்து நிற்கின்றன. இவற்றுள் எது பொருந்தும்? ஈண்டு ஓர் உரைகல் உண்டு. வலிகாமத்தில் உடுவில் என்றோர் ஊர் இருக்கின்றது. உடுப்பிட்டிக்குக் கூறும் விளக்கம் உடுவிலுக்கும் பொருந்துமாயின் வலிமை பெறும், பொருந்தாதாயின் தளரும். விண்மீன் மேடு, விண்மீன் குளம் என்பன கவிதைக்கு அழகு. ஊரார் பெயரிடும் முறைக்கு ஒவ்வா. உடைமரம் நின்ற மேடு, உடைமரம் நின்ற குளம் என்பன இரண்டிற்கும் இயைகின்றன. மேல்வெளி, மேற்குளம் என்பனவும் இயைகின்றன. எனவே சொல்லாராய்ச்சி நம்மை வாயில் வரையிற் கொண்டுவந்து விட்டுவிடுகின்றது. உள்ளே புகுதற்குப் பழைய ஆவணமும் நில ஆராய்ச்சியும் வேண்டும்.

பிட்டியும் பிட்டியவும், வில்லும் வில என்பதும் இத்துணை நெருங்கி நிற்றல் எதைக் காட்டுகின்றது? இரு மொழிகளும் நெடுங்காலம் ஒரே தீவில், ஒரே வகை நிலத்தில், ஒரே வகை நீர்நிலைகளைச் சுற்றி வழங்கிவந்தன என்பதைக் காட்டுகின்றது. உடுப்பிட்டிக்குக் கிழக்கே வல்லிபுரத்தில் 1936 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட பொற்சாசனம் இதற்குத் துணைசெய்யும். வசப மன்னன் காலத்ததாகிய, ஏறத்தாழ ஆயிரத்துத் தொளாயிரம் ஆண்டுப் பழைமையுடைய அச்சாசனத்தில் நாகதீவு என்னும் பெயரோடு படகர என்னும் இடப்பெயரும் காணப்படுகின்றது. அதன் மொழி பிராகிருதம் என்பர். படகர என்பதை வடகரை என்னும் தமிழ்ப்பெயரின் வடிவமாகக் கொள்ளும் அறிஞரும் உளர். ஒரு மொழிச் சாசனத்துள் மற்றொரு மொழியின் இடப்பெயர் புகுதல் இயல்பே. அது கலந்து வாழ்ந்தோரின் சுவடு. ஒருவரை ஒருவர் வெளியேற்றியதற்குச் சான்று அன்று.

இனி, ஒத்த பெயர்களை ஆராயப் புகும் மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறிகளைச் சுருக்கிக் கூறுவாம். முதலாவது, கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுக. கல்வெட்டு, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதுவித்த தோம்பு, பழைய காணி உறுதி ஆகியன இதற்கு உதவும். இரண்டாவது, படித்தோர் எழுதும் வடிவத்தை விட ஊர் முதியோர் பேசும் வடிவத்தை முதன்மையாகக் கேட்க. மூன்றாவது, நிலத்தை நேரிற் காண்க. மேடு என்னும் பெயருள்ள இடம் பள்ளமாயிருப்பின் விளக்கத்தை மாற்றுதல் வேண்டும். நான்காவது, பெயரைத் தனியே பிரித்து நோக்காது அதன் குடும்பத்தோடு வைத்து நோக்குக. கரணவாய், அல்வாய் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராய்ந்தாலன்றி ஒன்றன் ஈறும் விளங்காது.

இந்நெறிக்கு மாறாக நாம் அறியாமலே செய்துவரும் ஒரு தீங்கும் உண்டு. பெயரைத் திருத்தி அழகுபடுத்துதலே அது. தெல்லிப்பளை என எழுதுவாரும் தெல்லிப்பழை என எழுதுவாரும் இன்று உளர். பளை, தும்பளை என்பனவற்றோடு அதனைச் சேர்த்து நோக்குதற்கு ளகர வடிவம் வழிகாட்டும். ஒரேழுத்தை மாற்றியதும் அக்குடும்பத் தொடர்பு கண்ணுக்கு மறைந்துபோகின்றது. செம்மை செய்கின்றோம் என்னும் நல்லெண்ணமே சான்றை அழித்துவிடுகின்றது.

ஊர்ப்பெயர்களை விட விரைவில் அழிவன சிறு நிலப்பெயர்கள். யாழ்ப்பாணத்துக் காணி உறுதியிற் பரப்பும் குழியும் நான்கெல்லையும் மட்டுமன்றி, காணிக்கும் ஒரு பெயர் குறிக்கப்பட்டிருக்கும். வளவு, புலம், கலட்டி, தாழ்வு, தோட்டம், வயல் என்று முடியும் அப்பெயர்கள் எண்ணில. அயர்லாந்தின் சிறு நிலப்பிரிவுகளுக்கு ஒப்பானவை இவையே. அங்கே அவை படத்தில் ஏறின. இங்கே பெரும்பாலும் பெட்டகத்து உறுதியிலும் முதியோர் நினைவிலும் மட்டுமே நின்றன. அவ்விரண்டும் நிலையானவை அல்ல என்பதைக் கடந்த காலம் கற்பித்தது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது மீளப்பெற முடியாத ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயமாய் அடைக்கப்பட்ட நிலங்கள் பல்லாண்டுகளின் பின் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, வேலியும் கிணறும் அடையாள மரமும் அழிந்திருந்த இடங்கள் பல. அத்தகைய இடத்தில், தன் காணியைத் தேடும் ஒருவனுக்குக் காணிப் பெயரும் அயற்காணிப் பெயர்களும் வெறும் ஆராய்ச்சிப் பொருள்கள் அல்ல. அவனுடைய வாழ்விடமே அவை. அப்பெயர்களை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். பலர் கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர்.

ஆதலின் இப்பணி பேரறிஞர்க்கே உரியது எனக் கருதி நாம் வாளா இருத்தல் தகாது. ஒவ்வொரு மாணவனும் தன் ஊரிலுள்ள குளம், கேணி, வயல், ஒழுங்கை, காணி ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடங் கேட்டு, அவர் சொன்னபடியே, கேட்ட நாளோடு எழுதிவைத்தல் இயலும். ஆசிரியர் அவற்றைத் தொகுத்து ஊர்ப்படத்திற் குறித்தல் இயலும். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர் தம் கையிலுள்ள உறுதிகளிற் காணும் பெயர்களை எழுதியனுப்புதல் இயலும். விளக்கம் கூறுதற்கு விரைய வேண்டியதில்லை. அதனைப் பின்வருவோர் செய்வர். பெயரைக் காத்தல் மட்டுமே இன்று செய்தற்குரியது.

நாகர்கோவிலும் திருநெல்வேலியும் நல்லூரும் கடலின் இருமருங்கும் இருத்தல் நமக்கு மகிழ்ச்சி தருவதே. அம்மகிழ்ச்சியோடு நின்றுவிடாது, ஏன் இருக்கின்றன என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வினவும்போதே நம் ஊரை நாம் அறியத் தொடங்குகின்றோம்.